"அவன் சுபாவமே அப்படி!"

உலகத்தில் கற்றுக் கொள்வதற்கு மிகவும் சுலபமான சாஸ்திரம் எது? ஜோசியமா? கைரேகை பார்ப்பதா? இரண்டும் இல்லை. பிறத்தியார் நடத்தைக்குக் காரணம் சொல்லும் சாஸ்திரம்தான் அது. இதற்குப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. பரீட்சை கொடுக்க வேண்டியதில்லை. எதிர் வீட்டுக்காரர் இன்று ஏன் முகங் கொடுத்துப் பேசவில்லை, மருமகள் பிறந்த வீட்டிலிருந்து ஏன் இரண்டு நாள் தாமதித்து வந்தாள், ஆபீஸில் மேலதிகாரி ஏன் எரிந்து விழுந்தார் என்று யாராவது நம்மைக் கேட்கட்டும். ஒரு நிமிஷங்கூடத் தாமதிக்காமல் பதில் சொல்லி விடுவோம். எதிர் வீட்டுக்காரருக்குக் கர்வம், மருமகளுக்குப் பொறுப்பில்லை, மேலதிகாரிக்குச் சிடுமூஞ்சித்தனம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் சொன்னால், "அவன் சுபாவமே அப்படி!"

இவ்வளவு திறமையுள்ள நாம், நம்முடைய காரியத்துக்கு மட்டும் இந்தச் சாஸ்திரத்தைப் பிரயோகிப்பதில்லை. நாம் ஒருவரிடம் முகங் கொடுத்துப் பேசவில்லையென்றால், இராத்திரி தூக்கமில்லாமல் தலைவலி. நாம் தாமதித்து வந்தால், ரயில் தாமதம். நாம் குழந்தையின் மேல் எரிந்து விழுந்தால், அன்றைக்கு ஆபீஸில் நடந்த அநியாயம் அப்படி! வாங்குவதற்கு ஒரு படியும் விற்பதற்கு ஒரு படியும் வைத்திருக்கும் வியாபாரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோமல்லவா? காரணம் சொல்லும் விஷயத்தில் நாம் எல்லோருமே அந்த வியாபாரியின் பந்துக்கள்தான்.

திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற வரையில் இதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஆனால் இதே பேச்சு பள்ளிக்கூடத்துக்குப் போனால் ஒரு பிள்ளையின் படிப்பைக் கெடுக்கிறது. சர்க்காரின் கையில் அகப்பட்டு ஒரு சட்டமாகவே ஆகிவிட்டால் என்ன நேரும் என்பதை, நமது தேசம் 1871 முதல் 1952 வரையில் அநுபவித்துப் பார்த்திருக்கிறது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறோம். மனித மனம் இப்படிக் காரணம் கற்பிப்பது எவ்வாறு என்று ஆராய்ந்தவர்கள் கண்ட விஷயங்களை முதலில் பார்க்கலாம்.

முக்கோணத்துக்கு வந்த கோபம்

இந்த ஆராய்ச்சிக்கு மூல புருஷர் என்று சொல்லத் தக்கவர் ஃபிரிட்ஸ் ஹைடர் என்னும் மனோதத்துவ சாஸ்திரி. 1896-ல் வியன்னா நகரில் பிறந்தவர். ஆஸ்திரியாவிலுள்ள கிராட்ஸ் நகரில் படித்துப் பட்டம் பெற்று, 1930-ல் அமெரிக்காவுக்குப் போனவர். 1944-ஆம் வருஷத்தில் மரியன் ஸிம்மல் என்னும் பெண்மணியுடன் சேர்ந்து அவர் ஒரு பரிசோதனையைப் பிரசுரித்தார். அதற்காக அவர்கள் ஒரு சின்னஞ்சிறு சினிமாப் படம் எடுத்தார்கள்.

அந்தப் படத்தில் நடிகர்கள் யார் தெரியுமா? ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு சிறு வட்டம், இவ்வளவுதான். நடுவில் கதவு வைத்த பெட்டி போல ஒரு நீண்ட சதுரம். முக்கோணங்களும் வட்டமும் அங்குமிங்கும் நகர்கின்றன. சதுரத்தின் கதவு திறக்கிறது, மூடுகிறது. ஒன்று உள்ளே போகிறது, மற்றொன்று வெளியே வருகிறது. கடைசியில் பெரிய முக்கோணம் அந்தச் சதுரத்தை இடித்து உடைக்கிறது. சில நிமிஷங்களில் படம் முடிந்து விடுகிறது. வசனம் கிடையாது, பாட்டுக் கிடையாது.

இந்தப் படத்தை 34 மாணவிகளுக்குக் காட்டி, "என்ன பார்த்தீர்கள்? எழுதுங்கள்" என்றார்கள். ஒரே ஒரு பெண்தான், "முக்கோணம் இப்படி நகர்ந்தது, வட்டம் அப்படி நகர்ந்தது" என்று கணக்கு வாத்தியாரைப் போல எழுதினாள். மற்றவர்களெல்லாம் கதை எழுதி விட்டார்கள்! பெரிய முக்கோணம் முரடன், சண்டைக்காரன், வட்டத்துக்குப் பயம், சின்ன முக்கோணம் அதைக் காப்பாற்ற வந்தது என்ற தோரணையில் எழுதினார்கள். காகிதத்தில் கத்தரித்த மூன்று துண்டுகளுக்குக் கோபமும் பயமும் காதலும் வந்து சேர்ந்தன.

இதைப் படித்து நாம் சிரிக்கலாம். ஆனால் அந்த மாணவிகள் செய்ததைத்தான் நாம் நாள் முழுவதும் செய்து கொண்டிருக்கிறோம். ஏதாவது ஒன்று அசைந்தால், அதை அசைத்த எண்ணம் என்ன என்று நம் மனம் உடனே தேடுகிறது. தேடுகிற இடம் அசைந்த பொருளின் உள்ளே. வெளியே ஏதாவது காற்று அடித்ததா, யாராவது நூலைப் பிடித்து இழுத்தார்களா என்று பார்ப்பதில்லை.

1958-ல் வெளியிட்ட தமது புத்தகத்தில் ஹைடர் இந்த விஷயத்தை விஸ்தரித்தார். ஒரு செய்கைக்குக் காரணங்கள் இரண்டு வகை: மனிதனுக்குள்ளே இருப்பவை ஒரு வகை, அவனைச் சுற்றிலும் இருப்பவை மற்றொரு வகை. நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்லலாம். வண்டி மாடு மேட்டில் ஏறிவிட்டது. மாட்டின் பலத்தால் ஏறிற்றா? அல்லது மூட்டைகள் குறைவாக இருந்ததாலா, சாலை நன்றாகப் போட்டிருந்ததாலா? மாட்டை வாங்குகிறவன் இவ்வளவையும் விசாரித்துக் கொண்டுதான் பணத்தை எண்ணி வைப்பான். மாட்டுக்குச் செய்யும் நியாயத்தை மனிதனுக்கு மட்டும் நாம் செய்வதில்லை.

கேள்வி கேட்டவர் மேதாவி

ஹைடருக்குப் பின் வந்தவர்கள் இந்தத் தப்பிதத்தை நாலா பக்கத்திலும் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் ரஸமானது, லீ ராஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் செய்து 1977-ல் வெளியிட்டது.

இரண்டிரண்டு மாணவர்களாக அழைத்து வந்தார்கள். இருவரில் யார் கேள்வி கேட்பது, யார் பதில் சொல்வது என்பதைச் சீட்டு எடுத்துத் தீர்மானித்தார்கள். கேட்பவருக்கு ஒரு சலுகை: தமக்கு விடை தெரிந்த விஷயங்களிலிருந்து, கஷ்டமான 10 கேள்விகளைத் தாமே தயாரித்துக் கொள்ளலாம். இப்படிப்பட்ட போட்டியில் யார் ஜயிப்பார்கள்? நமக்குத் தெரிந்ததை மட்டும் நாம் கேட்டால், எவ்வளவு பெரிய பண்டிதரும் நம் முன்னால் விழிக்க வேண்டியதுதானே? பதில் சொன்னவர்கள் சராசரி நாலு கேள்விகளுக்கே சரியாக விடை சொன்னார்கள்.

அப்புறம் இருவருடைய பொது அறிவுக்கும் 100-க்கு இவ்வளவு என்று மதிப்புப் போடச் சொன்னார்கள். பதில் சொன்னவர்கள், கேட்டவரைத் தங்களைவிட மிகப் பெரிய அறிவாளி என்று மதித்து விட்டார்கள். இதையெல்லாம் வேடிக்கை பார்த்தவர்களின் தீர்ப்பு இன்னும் விசேஷமானது. கேட்டவருக்குச் சுமார் 82. பதில் சொன்னவருக்குச் சுமார் 49. சீட்டு எடுத்தது அவர்களுக்குத் தெரியும். கேட்டவருக்கு இருந்த சலுகையும் தெரியும். தெரிந்தும் ஏமாந்தார்கள். கேட்டவர்களுக்கு மட்டும் அந்த மயக்கம் இல்லை. தமக்கும் எதிரிக்கும் அவர்கள் ஏறக்குறைய சமமாகவே மதிப்புக் கொடுத்துக் கொண்டார்கள். தங்களுக்குத் தெரியாத விஷயங்கள் எவ்வளவு என்பது அவர்களுக்கு அல்லவா தெரியும்?

சர்வகலாசாலை மண்டபத்தை விட்டு வெளியே வந்து பார்ப்போம். உத்தியோகத்துக்கு ஆள் எடுக்கும் அதிகாரி நாற்காலியில் சாய்ந்து கொண்டு கேட்கிறார். எதிரே ஒரு வாலிபன் வியர்வையைத் துடைத்துக் கொண்டு பதில் சொல்கிறான். கோர்ட்டில் வக்கீல் குறுக்கு விசாரணை செய்கிறார். கூண்டில் ஒரு குடியானவன் உளறுகிறான். பார்க்கிறவர்கள், "என்ன மூளை!" என்று வக்கீலையும், "சுத்த அசடு" என்று குடியானவனையும் பற்றி முடிவு கட்டிக் கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அந்த வக்கீலை வயலில் இறக்கி, குடியானவனைக் கேள்வி கேட்கச் சொன்னால் யார் உளறுவார்கள் என்பதை ஒருவரும் யோசிப்பதில்லை. மனிதனுக்கு அவன் நிற்கும் இடம் கொடுக்கும் பலத்தையும் பலவீனத்தையும், அவனுடைய சொந்தச் சரக்கு என்று நாம் கணக்கெழுதி விடுகிறோம். இப்படிச் சுற்றுச் சந்தர்ப்பத்தை மறந்து சுபாவத்தையே காரணமாக்கும் வழக்கத்துக்கு, லீ ராஸ் "மூலாதாரமான தவறு" என்று பொருள்படும் ஒரு பெயரைக் கொடுத்தார்.

அவசரமாகப் போன உபதேசிகள்

கிறிஸ்தவ வேதத்தில் நல்ல சமாரியன் கதை என்று ஒன்று உண்டு. திருடர்களால் அடிபட்டு வழியில் கிடந்த ஒருவனைப் பார்த்தும் ஆசாரியர் ஒருவர் விலகிப் போகிறார்; அன்னியன் ஒருவனே நின்று உதவி செய்கிறான். பிரின்ஸ்டன் நகரில், பாதிரிமார் ஆவதற்குப் படித்துக் கொண்டிருந்த மாணவர்களைக் கொண்டு ஜான் டார்லி, டேனியல் பேட்ஸன் என்ற இருவர் ஒரு சோதனை செய்து 1973-ல் வெளியிட்டார்கள்.

மாணவர்களிடம், "பக்கத்துக் கட்டிடத்துக்குப் போய் ஒரு சிறு பிரசங்கம் செய்ய வேண்டும்" என்றார்கள். சிலருக்குக் கொடுத்த விஷயம் அந்தச் சமாரியன் கதையேதான். மற்றவர்களுக்கு வேறு விஷயம். சிலரிடம் "நேரம் இருக்கிறது, மெதுவாகப் போங்கள்" என்றும், சிலரிடம் "சரியான நேரம், புறப்படுங்கள்" என்றும், சிலரிடம் "ஐயோ, நேரமாகிவிட்டதே, ஓடுங்கள்" என்றும் சொல்லி அனுப்பினார்கள். போகிற சந்தில் ஒரு மனிதர் தலையைத் தொங்கப் போட்டுக் கொண்டு, இருமிக் கொண்டும் முனகிக் கொண்டும் உட்கார்ந்திருந்தார். அவர் ஏற்பாடு செய்யப்பட்ட ஆள் என்பது மாணவர்களுக்குத் தெரியாது.

சாவகாசமாகப் போனவர்களில் 100-க்கு 63 பேர் அவருக்கு ஏதேனும் ஒரு விதத்தில் உதவ முன்வந்தார்கள். சரியான நேரத்தில் போனவர்களில் 45 பேர். ஓடச் சொன்னவர்களில் 10 பேர்தான்! சமாரியன் கதையைப் பற்றிப் பேசப் போனவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத் தக்க அளவில் அதிகமாக நிற்கவில்லை.

அந்தச் சந்தின் முனையில் நாம் நின்று வேடிக்கை பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "பார், கருணையைப் பற்றிப் பிரசங்கம் செய்யப் போகிறவன் லட்சணத்தை! வேஷதாரி!" என்போம். நின்றவனைப் பார்த்து, "இவனல்லவா உத்தமன்!" என்போம். இருவருக்கும் இருந்த வித்தியாசம் பெரும்பாலும் கடிகாரத்து முள்ளில் இருந்தது என்பது நமக்கு எட்டியே இராது. இதனால் சுபாவம் என்பதே பொய் என்று சொல்லிவிட முடியாது. ஓடச் சொல்லியும் பத்துப் பேரில் ஒருவர் நின்றாரே, அவரை நமஸ்கரிக்க வேண்டியதுதான். ஆனால் நில்லாத ஒன்பது பேரையும் கல் நெஞ்சக்காரர்கள் என்று எழுதி வைப்பது நியாயமாகாது.

கண் இருக்கும் இடம்

இவ்வளவு பிசகு ஏன் நேருகிறது? ஒரு காரணம் மிகவும் சாதாரணமானது. நம் கண் நம் முகத்தில் இருக்கிறது என்பதுதான். பிறர் ஒரு காரியம் செய்யும்போது நம் கண்ணுக்குத் தெரிவது அந்த மனிதர். அவருடைய கடன், தலைவலி, மேலதிகாரியின் கடிதம் இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாம் ஒரு காரியம் செய்யும்போதோ, நம்மை நாம் பார்ப்பதில்லை. எதிரே இருக்கும் சங்கடங்களைத்தான் பார்க்கிறோம்.

மைக்கேல் ஸ்டார்ம்ஸ் என்பவர் 1973-ல் இதை ஓர் உபாயத்தினால் சோதித்தார். முன்பின் அறியாத இருவரைப் பேச வைத்து, வேறு இருவரைப் பார்க்கச் சொல்லி, நடந்ததைக் காமிராவில் படம் பிடித்தார். பிறகு பேசியவர்களுக்கு அவரவர் முகத்தையே படத்தில் காட்டி, "இப்படி நீங்கள் நடந்து கொண்டதற்குக் காரணம் என்ன?" என்று கேட்டார். தன் முகத்தைத் தானே வெளியிலிருந்து பார்த்தவர்கள், சந்தர்ப்பத்தைக் குறைத்துத் தங்கள் சுபாவத்தை அதிகமாகச் சொல்லத் தொடங்கினார்கள்! பார்த்தவர்களுக்கு எதிர்ப் பக்கத்துப் படத்தைக் காட்டியபோது, அவர்கள் சந்தர்ப்பத்தை அதிகமாகச் சொன்னார்கள். ஆசனத்தை மாற்றியதும் தீர்ப்பும் மாறிற்று.

ஆனால் பழியெல்லாம் கண்ணின் தலையில் போட்டுத் தப்பித்துக் கொள்ளவும் வழியில்லை. பெர்ட்ராம் மாலி என்பவர் அதுவரை வெளியான 173 ஆராய்ச்சிகளைத் திரட்டி 2006-ல் பரிசீலனை செய்தார். பொதுவாகப் பார்த்தால், தனக்கு ஒரு படி, பிறருக்கு ஒரு படி என்ற வித்தியாசம் முன்னே நினைத்த அளவு இல்லை என்று கண்டார். எந்த விஷயத்தில் வித்தியாசம் நிலைத்து நிற்கிறது? கெட்ட காரியத்தில்! நல்ல காரியமானால் சங்கதி தலைகீழாகிறது. பரீட்சையில் தேறினால் என் மூளை. தவறினால் வினாத்தாள் கஷ்டம். ஆகவே கண்ணின் குறை பாதி என்றால், தன்மேல் வைத்த பிரியம் மற்றொரு பாதி.

மைசூரும் சிகாகோவும்

மேலே சொன்ன பரிசோதனைகளெல்லாம் அமெரிக்காவில் நடந்தவை. நம் நாட்டார் எப்படி என்று நேயர்கள் கேட்பது நியாயமே. ஜோன் மில்லர் என்னும் பெண்மணி இந்தக் கேள்வியை மனத்தில் கொண்டு, மைசூரில் இருந்த ஹிந்துக்களிடமும் சிகாகோவில் இருந்த அமெரிக்கர்களிடமும் விசாரித்து, 1984-ல் முடிவை வெளியிட்டார். "உங்களுக்குத் தெரிந்த ஒருவர் செய்த நல்ல காரியம் ஒன்றும், தகாத காரியம் ஒன்றும் சொல்லுங்கள். அவர் ஏன் அப்படிச் செய்தார்?" என்று கேட்டார்.

அதில் வந்த சம்பவம் ஒன்று: ஒரு வக்கீல் மோட்டார் சைக்கிளில் ஒருவரைப் பின்னால் ஏற்றிக் கொண்டு போனார். சக்கரம் வெடித்து விபத்து நேர்ந்தது. பின்னால் இருந்தவருக்குத் தலையில் அடி. வக்கீல் அவரை ஆஸ்பத்திரியில் கொண்டு போய் விட்டுவிட்டு, அடி எவ்வளவு கடுமை என்று டாக்டரை விசாரிக்காமலே கோர்ட்டுக்குப் போய்விட்டார். அடிபட்டவர் இறந்து போனார். இதற்கு அமெரிக்கர்கள், அந்த வக்கீல் பொறுப்பில்லாதவர் என்ற ரீதியில் காரணம் சொன்னார்கள். மைசூர்க்காரர்களோ, கட்சிக்காரனுக்காகக் கோர்ட்டில் இருப்பது அவர் கடமை, விபத்தில் மனம் குழம்பியிருக்கலாம், அடி பலமென்று வெளிக்குத் தெரிந்திராது என்ற தோரணையில் சொன்னார்கள்.

எட்டு வயதுக் குழந்தைகளிடம் இரு தேசத்துக்கும் பெரிய வித்தியாசம் காணவில்லை. வயது ஏற ஏற, அங்கே சுபாவத்தைச் சொல்வது அதிகரித்தது. இங்கே சூழ்நிலையைச் சொல்வது அதிகரித்தது. ஆகவே, காரணம் சொல்லும் விதம் இரத்தத்தில் வருவதன்று. வளரும்போது பெரியவர்களிடம் கற்றுக் கொள்வது.

இதைப் படித்ததும் நம் நெஞ்சு சற்று நிமிரும். நிமிர்ந்த நெஞ்சு அப்படியே நிற்பதற்கு முன் இன்னோர் ஆராய்ச்சியையும் பார்த்து விடுவோம். டொனால்டு டெய்லர், வைஷ்ணா ஜக்கி என்ற இருவர் 1974-ல் வெளியிட்டது அது. தென்னிந்தியாவில் ஆபீஸ் குமாஸ்தாக்களாயிருந்த ஹிந்துக்கள் 30 பேரிடம் சில நிகழ்ச்சிகளைச் சொன்னார்கள். கடைக்காரர் தாராளமாக நடந்து கொண்டார், அல்லது ஏமாற்றினார். அடிபட்டவனுக்கு ஒருவர் உதவினார், அல்லது கவனியாமல் போனார். சில நிகழ்ச்சிகளில் அந்த மனிதர் ஹிந்து, சிலவற்றில் முஸ்லிம். ஹிந்து நல்லது செய்தால் அது அவருடைய குணம் என்றும், கெட்டது செய்தால் ஏதோ சந்தர்ப்பம் என்றும் குமாஸ்தாக்கள் சொன்னார்கள். முஸ்லிமானால் இந்தத் தாராளம் மறைந்து போயிற்று. கெட்டதற்கு அவருடைய குணமே காரணமாயிற்று!

சந்தர்ப்பத்தை யோசித்துப் பார்க்கும் நல்ல புத்தி நம்மவர்களிடம் இருக்கிறதுதான். ஆனால் அதை வாசற்படிக்குள்ளேயே செலவு செய்து விடுகிறோம். நம் வீட்டுப் பிள்ளை திருடினால் சகவாச தோஷம், வேறு ஜாதிப் பிள்ளை திருடினால், "அந்த ஜாதியே அப்படி!"

ஜாதியே அப்படி என்ற சட்டம்

இந்த ஐந்தாறு எழுத்து வாக்கியத்தைப் பிரிட்டிஷ் சர்க்கார் 1871-ல் சட்டமாகவே எழுதினார்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் என்று அதற்குப் பெயர். அதைக் கொண்டு வந்தவர்களின் வாதம் இதுதான்: இந்தியாவில் நெசவாளி மகன் நெசவாளி, தச்சன் மகன் தச்சன், ஆகையால் திருடன் மகன் திருடனாகத்தானே இருக்க வேண்டும்? இந்தத் தர்க்கத்தின் பேரில், கூட்டங்கூட்டமாக ஜனங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவு செய்யச் சட்டம் இடங் கொடுத்தது. முதலில் வட இந்தியாவுக்கு ஏற்பட்டதை, 1911-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் சென்னை மாகாணத்துக்கும் விஸ்தரித்தார்கள்.

அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்களில் குறவர்களும் உண்டு. அவர்களில் பல கூட்டத்தார் அதற்கு முன் என்ன செய்து கொண்டிருந்தார்கள்? கடற்கரையிலிருந்து உப்பையும், உள்நாட்டிலிருந்து தானியத்தையும் எருதுகளின் மேலும் கழுதைகளின் மேலும் ஏற்றிக் கொண்டு, ஊர் ஊராகச் சென்று வியாபாரம் செய்து கொண்டிருந்தார்கள். ரயில் பாதை வந்தது. சரக்கு ரயிலேறிப் போயிற்று. உப்பின் மேல் சர்க்காரின் பிடி இறுகிற்று. 1876 முதல் 1878 வரையில் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்களோடு மாடுகளும் மடிந்தன. பொதி சுமக்க மாடில்லை; சுமத்தப் பொதியும் இல்லை. இவ்வளவும் சேர்ந்து ஒரு கூட்டத்தின் பிழைப்பைப் பறித்த பிறகு, அவர்கள் ஊர் ஊராக அலைவதைப் பார்த்த அதிகாரிகள், "இவர்கள் அலைவதே திருடுவதற்குத்தான், சுபாவமே அப்படி" என்று எழுதினார்கள். ரயிலும் உப்பு வரியும் பஞ்சமும் அந்தக் கடுதாசியில் இடம் பெறவில்லை.

மதுரை ஜில்லாவில் பிரமலைக் கள்ளர்கள் மீதும் இச்சட்டம் பாய்ந்தது. ஜனங்கள் இதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். பதிவானவர்கள் விரல் ரேகை கொடுக்க வேண்டும். இரவில் குறித்த இடத்தில் வந்து ஆஜராக வேண்டும். ஊரை விட்டுப் போவதென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ஆம் தேதி, உசிலம்பட்டிக்கு அருகில் பெருங்காமநல்லூரில் ரேகை எடுக்க வந்தவர்களை ஊரார் எதிர்த்து நின்றார்கள். போலீஸார் சுட்டதில் மாயக்காள் என்னும் பெண்மணி உள்பட 16 பேர் உயிர் துறந்தார்கள்.

இந்தச் சட்டத்தின் விபரீதத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். இரவெல்லாம் சாவடியில் கிடந்தவன் விடியற்காலையில் எந்த ஊருக்குக் கூலிக்குப் போவான்? போலீஸ் ஜாபிதாவில் பெயர் இருப்பவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? வேலையில்லாதவன் பசிக்காக ஒரு மூட்டை தானியத்தை எடுத்தானானால், "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னோமே!" என்று சட்டம் தன்னைத்தானே மெச்சிக் கொள்ளும். சந்தர்ப்பத்தை உண்டாக்கியதும் அதுவே. சுபாவம் என்று தீர்ப்புச் சொன்னதும் அதுவே.

சென்னை மாகாணத்தில் 1947-லும், தேசம் முழுவதும் 1952-ஆம் வருஷம் ஆகஸ்டு 31-ஆம் தேதியும் இச்சட்டம் ஒழிந்தது. அந்தப் பட்டியலில் இருந்த சமூகத்தார் இன்று தமிழ்நாட்டில் சீர்மரபினர் என்று கௌரவமாக வழங்கப்படுகிறார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு சட்டத்தை ஒரே கையெழுத்தில் எடுத்து விடலாம். மனிதர் மனத்திலிருந்து எடுப்பதற்குக் கையெழுத்துப் போதாது.

மன்னிப்பு வேறு, விசாரணை வேறு

"அப்படியானால் திருடனும் சோம்பேறியும் சந்தர்ப்பத்தின் பேரில் பழியைப் போட்டுத் தப்பித்துக் கொள்ள வேண்டியதுதானா?" என்று யாரேனும் கேட்கலாம். காரணத்தை விசாரிப்பது வேறு, குற்றத்தை மன்னிப்பது வேறு. வயிற்று வலிக்குக் காரணம் கண்டுபிடிக்கும் வைத்தியர் வயிற்று வலியை ஆதரிப்பவரா? காரணம் தெரிந்தால்தான் மருந்து கொடுக்க முடியும். சுபாவம் என்று முடிவு கட்டிவிட்டாலோ, கொடுப்பதற்கு மருந்தே கிடையாது. திட்டுவது ஒன்றுதான் பாக்கி.

விசாரணை செய்வதற்கு ஒரு சுலபமான முறையும் உண்டு. ஹரால்டு கெல்லி என்ற சாஸ்திரி 1967-ல் சொன்ன முறை அது. வீட்டில் நடக்கும் ஒரு விஷயத்தையே எடுத்துக் கொள்வோம். பையன் கணக்கில் தவறி விட்டான். "மண்டூகம்" என்று சொல்லுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் எப்படி? எல்லோரும் தவறியிருந்தால், குறை பையனிடத்தில் இல்லை; வினாத்தாளையோ கற்றுக் கொடுத்த விதத்தையோ பார்க்க வேண்டும். மற்றப் பாடங்களில் அவன் எப்படி? அவற்றில் தேறியிருந்தால், மந்த புத்தி என்ற பேச்சு அடிபட்டுப் போகிறது. முந்தின பரீட்சைகளில் எப்படி? இந்தத் தடவை மட்டும் என்றால், அந்த வாரம் அவனுக்கு ஜுரமா, மனக் கவலையா, வீட்டில் சண்டையா என்று கேட்க வேண்டும். மூன்றுக்கும் பதில் அவனுக்கு விரோதமாக வந்தால், அப்போது அவனிடத்தில் குறை தேடலாம். அப்போதுங்கூட, "உனக்குக் கணக்கே வராது" என்று முத்திரை குத்துவதைவிட, "இவ்வளவு நாள் நீ போதிய சிரத்தை எடுத்துக் கொள்ளவில்லை" என்று சொல்வது மேல். சிரத்தை நாளைக்கு மாறக் கூடியது, முத்திரை மாறாது.

மருமகளுக்கும் மாமியாருக்கும், வேலைக்காரிக்கும் எஜமானிக்கும், குமாஸ்தாவுக்கும் மேலதிகாரிக்கும் இதே மூன்று கேள்விகள் போதும். தாமதித்து வந்த வேலைக்காரியை, "சோம்பேறி" என்பதற்கு முன், அவள் மற்ற வீடுகளுக்கும் இன்று தாமதமாகத்தான் போனாளா என்று ஒரு வார்த்தை கேட்டால், அவள் குழந்தை இரவெல்லாம் இருமிய கதை வெளியில் வரலாம். வரவில்லையென்றாலும் நமக்கு என்ன நஷ்டம்? ஒரு நிமிஷந்தானே!

இந்த ஒரு நிமிஷத்தைச் செலவிடுவதற்கு இன்னொரு முகாந்தரமும் இருக்கிறது. மைசூரிலும் சிகாகோவிலும் எட்டு வயதுக் குழந்தைகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தார்கள் என்று பார்த்தோமல்லவா? வித்தியாசத்தைப் பின்னால் கற்றுக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். இராத்திரி சாப்பாட்டின்போது நாம் அக்கம் பக்கத்தாரைப் பற்றியும், அடுத்த தெருவைப் பற்றியும், அன்னிய ஜாதி மதத்தாரைப் பற்றியும் பேசுவதையெல்லாம் குழந்தைகள் சாதத்தோடு சேர்த்து உட்கொள்கிறார்கள். "அவன் சுபாவமே அப்படி" என்று நாம் சொன்னால், அதைப் பாடமாகப் படிப்பார்கள். "பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ, விசாரித்துப் பார்க்கலாம்" என்று சொன்னால், அதையும் படிப்பார்கள். எந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுப்பது என்பது நம் கையில் இருக்கிறது.